எல்லாம் பாசிதானா?

சென்ற கோடையில் நாம் ஒரு பெருங்காரியம் செய்தோம். கிராமத்து வீட்டுக் கொல்லைக் குளத்தில் பாசி மண்டிக் கிடக்கிறதென்று நான்கு ஆட்களை அமர்த்தி, "ஒரு கொடி விடாமல் வாரிக் கரையில் போடுங்கள்" என்று உத்தரவிட்டோம். அவர்களில் முதியவர் ஒருவர், "எல்லாத்தையுமா, ஐயா?" என்று இரண்டு தடவை கேட்டார். "எல்லாவற்றையுந்தான்!" என்றோம். பாசியில் பாகுபாடு என்ன வேண்டிக் கிடக்கிறது என்பது அப்போது நமது அபிப்பிராயம்.

ஒரு மாதத்திற்குள் ஜலம் பச்சைச் சாயம் கரைத்தாற்போல் ஆகிவிட்டது. முன்பெல்லாம் படித்துறையின் அடிப்படி வரையில் கண்ணுக்குத் தெரியும். இப்போதோ மூன்றாம் படியே மறைந்து போயிற்று.

தாவர சாஸ்திரம் பயிலும் நம் மருமான் விடுமுறைக்கு வந்திருந்தான். கரையில் காய்ந்து கிடந்த குவியலைக் கிளறிப் பார்த்து, "மாமா, எதை எடுக்கச் சொன்னீர்கள்?" என்று கேட்டான். "பாசியை" என்றோம். அவன் சிரித்திருந்தால் கூடத் தேவலை.

நாம் வாரிப் போட்டவற்றில் பெரும்பாலானவை பாசியே அல்லவாம். பூத்துக் காய்க்கும் செடிகளாம். ஜலத்திலுள்ள உரச் சத்தை அவை உண்டு வந்தன. அவை போனதும் அந்தச் சத்தெல்லாம் கண்ணுக்கு அகப்படாத நுண்பாசிக்கு விருந்தாகிவிட்டது. ஆக, பாசியை ஒழிக்கப் புறப்பட்டுப் பாசியைப் பயிர் செய்திருக்கிறோம்!

மறுநாள் பக்கத்துக் குளத்தில் முழங்கால் ஜலத்தில் நின்று பாடம் கேட்டோம். மெல்லிய தண்டில், கணுவுக்குக் கணு மூன்று முதல் எட்டுச் சிற்றிலைகள் வட்டமாய்ச் சூழ்ந்திருந்தால் அது ஹைட்ரில்லா. இலையோரம் ரம்பப் பல். விரலில் உருவினால் சுரசுரக்கும். நமக்குச் சொந்தமான இக்கொடி 1950-ஆம் வருஷத்தை ஒட்டி மீன் தொட்டி வியாபாரத்தின் மூலம் அமெரிக்காவிலுள்ள பிளாரிடாவுக்குப் போய், அங்கே ஏரிகளை அடைத்துக்கொண்டு பெருந்தொல்லையாகிவிட்டது. இங்கும் வாய்க்காலை அடைக்கக் கூடியதுதான். அளவாக எடுப்பதில் தவறில்லை.

இலை கவட்டைபோல் ஓரிரு முறை பிளந்து, நுனி நரிவாலாய் அடர்ந்து, தேடினாலும் வேர் அகப்படாவிட்டால் அது ஸெரட்டோபில்லம். இன்னொன்றும் வேரற்றதே, ஆனால் நூல் போன்ற அதன் இலைகளிடையே கடுகளவுப் பைகள் தொங்கும். யூட்ரிகுலேரியா என்று பெயர். சிறு பூச்சி தீண்டினால் பை அதைக் கண்ணிமைக்கு முன் உறிஞ்சிவிடும் என்று மருமான் சொன்னதும், நம் கை தானாகவே ஜலத்தை விட்டு வெளியே வந்துவிட்டது.

நம் மனத்தைக் கவர்ந்தது வாலிஸ்னேரியா. நாடா போன்ற இலைகள் அடிமண்ணிலிருந்தே கிளம்புகின்றன. பெண் பூ நீண்ட காம்பேறி நீர்மட்டத்திற்கு வந்து காத்திருக்கும். ஆண் பூக்களோ தாய்ச்செடியை விட்டு அறுபட்டு, மேலே மிதந்து அதனை நாடிச் செல்லும். மணம் முடிந்ததும் காம்பு சுருள்சுருளாய்ச் சுருண்டு பெண் பூவை அடிக்கு இழுத்துக்கொள்ளும். இத்தனை கல்யாணங்களையும் ஒரே உத்தரவில் கரையேற்றியவர் நாம்.

முதியவரிடம் போய், அன்று ஏன் இருமுறை கேட்டீர் என்று வினவினோம். "நாடாப் பாசியிலேதானே ஐயா மீன் குஞ்சு ஒளியும்" என்றார். சாஸ்திரப் பெயர் ஒன்றும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

பக்கத்துக் குளத்திலிருந்து இரண்டு வாளி செடி கொணர்ந்து, அவரைக் கொண்டே நடுவித்தோம். மழைக்குப் பின் மூன்றாம் படி தெரிகிறது. நான்காவது இன்னும் தெரியவில்லை.