செவ்வேரியின் நோன்பு

அமெரிக்க நாட்டின் வடகோடியில், கனடாவை ஒட்டி அமைந்துள்ளது மினசோட்டா மாநிலம். அங்குள்ள எண்ணற்ற ஏரிகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்று ரெட் லேக். நம் மொழியில் சொன்னால் செவ்வேரி. மேல் ஏரி, கீழ் ஏரி என இரு நீர்ப்பரப்புகள் ஒன்றோடொன்று இணைந்து, சுமார் 1,150 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கின்றன. இவற்றுள் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு ஒஜிப்வே என்னும் பூர்வகுடி மக்களுக்கு உரியது. கிழக்கே எஞ்சிய பங்கு மாநிலத்துக்கு உரியது.

இவ்வேரியின் செல்வம் வால்ஐ என்னும் மீன். பெயரைக் கேட்டு யாரும் வாலைத் தேட வேண்டா. அதன் சிறப்பு கண்ணிலே உள்ளது. விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பும் ஒரு படலம் இருப்பதால், மங்கிய வெளிச்சத்திலும் கலங்கிய நீரிலும் அது இரையைக் கண்டுகொள்ளும். இரவில் விளக்கொளி பட்டால் அக்கண்கள் பூனைக் கண்களைப்போல் மின்னும். ஆதலின் அந்திநேரமும் வைகறையுமே தூண்டில்காரர்களுக்கு உகந்த வேளைகள். 1965-ஆம் ஆண்டு முதல் இதுவே மினசோட்டாவின் மாநில மீன்.

குளிர்காலத்தில் வண்டிகள் ஓடுமளவுக்கு உறைந்து கிடக்கும் ஏரி, வசந்தத்தில் இளகத் தொடங்கும். அப்போது வால்ஐ மீன்கள் ஆற்று முகத்துவாரங்களையும் கூழாங்கற்கள் நிறைந்த கரையோரங்களையும் நாடி வந்து, இரவு நேரத்தில் முட்டையிடும். பெரிய பெண்மீன் ஒன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். ஆனால் கூடு கட்டுவதுமில்லை, காவல் இருப்பதுமில்லை, இட்டதும் அகன்றுவிடும்.

தாய் காவாத அம்முட்டைகளுக்குச் சட்டமே காவல். அம்மாநிலத்து ஏரிகளில் பிப்ரவரி இறுதியில் வால்ஐ பிடிப்பது நிறுத்தப்பட்டு, மே மாத நடுவில்தான் மீண்டும் தொடங்கும். நம் தவக்காலத்தின் பெரும்பகுதி இந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். நாம் இறைச்சியை ஒறுத்து மீனை உண்ணும் நாட்களில், அவர்கள் அந்த மீனையே ஒறுத்திருக்கிறார்கள்! தடை நீங்கும் சனிக்கிழமை அங்கே ஒரு திருவிழா. தந்தையும் மகனும், பாட்டனும் பேரனும் படகேறுவர். ஈயக் குண்டு பதித்த தூண்டில் முள்ளில் சிறு மீனைக் கோத்து, ஆழமற்ற நீரில் இறக்கி, மெல்ல மெல்ல அசைத்துக் காத்திருப்பர்.

ஆனால் செவ்வேரியில் இந்தத் திருவிழா ஒரு காலத்தில் நின்றுபோயிற்று. முதல் உலகப் போரின் உணவுத் தட்டுப்பாட்டின்போது, 1917-இல், அங்கு வலைவீசி மீன் விற்கும் தொழில் தொடங்கியது. காலப்போக்கில் பூர்வகுடியினரின் வலைகளும், மாநிலப் பகுதியில் குவிந்தவர்களின் தூண்டில்களும், களவில் விற்றவர்களின் பேராசையும் சேர்ந்து ஏரியை வறுமையாக்கின. 1990-களின் நடுவில் வால்ஐ ஏறக்குறைய அற்றுப்போயிற்று.

யார்மீது குற்றம் என்று வழக்காடியிருக்கலாம். அவ்வாறன்றி, தலைமுறைகளாக வலைத்தொழிலால் வாழ்ந்த ஒஜிப்வே மீனவர்களே 1997-இல் தம் வலைகளைச் சுருட்டினர். 1999-இல் பூர்வகுடி ஆட்சியும் மாநில அரசும் நடுவண் அரசும் உடன்படிக்கை செய்து, ஏரி முழுவதிலும் வால்ஐ பிடிப்பதை நிறுத்தின. 1999, 2001, 2003 ஆகிய ஆண்டுகளில் கோடிக்கணக்கான குஞ்சுகள் ஏரியில் விடப்பட்டன. அதன்பின் செய்யவேண்டியது ஒன்றே: காத்திருப்பது.

கரையோர விடுதிகள் வாடின. படகுகள் கவிழ்ந்து கிடந்தன. மீன் அரசர்போல் விருந்தளித்த வீடுகளில் மீன் இல்லை. ஏழு வசந்தங்கள் அவ்வாறே கழிந்தன. 2006-ஆம் ஆண்டு மே மாதம் மேல் ஏரியின் மாநிலப் பகுதி திறக்கப்பட்டபோது, ஆளுக்கு இரண்டே மீன்கள் என்பது விதி. ஆயினும் மக்கள் திரண்டனர். மீன்கள் திரும்பியிருந்தன!

இயற்கையின் வளம் வற்றாது என்று எண்ணுவோர்க்கும், வற்றியது மீளாது என்று சோர்வோர்க்கும் செவ்வேரி ஒருங்கே விடையளிக்கிறது. கை நீட்டிப் பிடித்தவர்கள் கை மடக்கி இருக்கவும் கற்றுக்கொண்டார்கள். அதனால் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் தூண்டில் போட ஓர் ஏரி இருக்கிறது.