ஸ்கூட் சொல்லத் தெரிய வேண்டும்

நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குச் சீட்டாட்டம் என்றாலே முகம் சுளிக்கும். மீதிப் பாதிப் பேர் பென்ஷன் வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து சாயங்காலம் நாலு மணிக்கு யார் வீட்டுத் திண்ணையில் ஜமா சேருகிறது என்று விசாரிக்கிறவர்கள். இந்தக் கட்டுரை இரண்டு தரப்புக்கும் பொதுவானது. புதிதாக ரம்மி ஆட வருகிறவன் எப்படித் தேறுவது என்பதைத்தான் எழுதப் போகிறேன். சுளிக்கிற முகங்களும் கடைசி வரை படித்துவிட்டுச் சுளிக்கலாம்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள் என் அப்பாவுடன் உட்கார்ந்து ‘பெலோத்’ ஆடுவார்கள். ஏழிலிருந்து ஏஸ் வரைக்கும் 32 சீட்டுதான். துருப்பில் ஜாக்கிதான் பெரியவன், அவனுக்கு 20 புள்ளி. அடுத்தது ஒன்பது, அதற்கு 14. பிறகு வேலைக்காக ராமநாதபுரம் வந்தபோது, இந்தக் கரையில் 304 ஆடுவதைப் பார்த்து அசந்துபோனேன். அதே 32 சீட்டு, அதிலும் ஜாக்கிதான் ராஜாவுக்கு ராஜா. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் 76. நாலு ஜாதிக்கும் சேர்த்து 304. யாழ்ப்பாணத்திலும் இதே ஆட்டம்தான். பெலோத்துக்கும் 304-க்கும் எங்கோ ஒரே பாட்டி இருந்திருக்க வேண்டும்.

இரண்டிலும் ஒரு வார்த்தை பொது. ‘பாஸ்’. அப்பாவின் நண்பர்களில் யார் நன்றாக ஆடுகிறவரோ அவர்தான் அந்த வார்த்தையை அதிகம் சொல்வார். கை சுமாராக இருந்தால் வாயைத் திறந்து கேட்க மாட்டார். ரம்மியில் இதற்கு நம் ஊரில் ‘ஸ்கூட்’ என்று பெயர். போக்கர் ஆடுகிறவர்கள் ‘ஃபோல்டு’ என்கிறார்கள். அந்த ஆட்டத்தில் தேறியவர்கள் கைக்கு வருகிற சீட்டில் பெரும்பகுதியை ஆடாமலே கவிழ்த்துவிடுவார்களாம். நான் சொல்ல வந்த விஷயம் இதற்குள்தான் இருக்கிறது. அதற்கு முன் மற்ற பாடங்களையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் பாடம், ஒரிஜினல். ஜோக்கர் சேராத ஒரு வரிசை கையில் அமையும் வரை வேறு எதையும் கட்டாதீர்கள். மூன்று ராணி சேர்ந்தது, இரண்டு ஜோக்கர் வந்தது என்று ஆனந்தப்பட்டுக்கொண்டிருக்கும்போது எதிராளி ‘ஷோ’ என்பான். ஒரிஜினல் இல்லாதவனுக்குச் சேர்த்து வைத்த சீட்டெல்லாம் புள்ளியாக எண்ணப்படும். ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி ஒவ்வொன்றும் பத்துப் பத்து. எண்பதில் நிறுத்துவார்கள் என்பது ஒன்றே ஆறுதல்.

இரண்டாம் பாடம், வழி எண்ணுவது. இரண்டு கட்டு வைத்து ஆடுகிறோம் என்பதால் ஒவ்வொரு சீட்டும் இரண்டு உண்டு. கையில் ஆட்டின் ஆறும் ஏழும் இருந்தால் ஐந்தோ எட்டோ வர வேண்டும். ஆக நாலு சீட்டு உதவும். ஆறும் எட்டும் இருந்தால் ஏழு மட்டும்தான், இரண்டே சீட்டு. ஏஸும் ராஜாவும் இருந்தால் ராணிக்காகத் தவம் கிடக்க வேண்டும், அதுவும் இரண்டே. இப்போது ஆட்டின் ஆறு, ஏழு, கூடவே இஸ்பேட் ஏழு இருக்கிறது என்று வையுங்கள். ஆட்டின் ஐந்து, ஆட்டின் எட்டு, கிளாவர் ஏழு, டைமன் ஏழு, இதில் எது வந்தாலும் மூன்று சீட்டு சேரும். மொத்தம் எட்டு வழி. புதியவன் படம் போட்ட சீட்டைப் பிடித்துக்கொண்டு நடுச் சீட்டை வீசுவான். பழகியவன் ஐந்து, ஆறு, ஏழு, எட்டைக் கையில் வைத்துக்கொண்டு ராஜாவை வழியனுப்புவான்.

மூன்றாம் பாடம், கண். வலதுபக்கம் உட்கார்ந்தவர் என்ன எடுத்தார், இடதுபக்கம் உட்கார்ந்தவர் என்ன போட்டார் என்று மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அவர் கிளாவர் ஒன்பதை எடுத்தார் என்றால் கிளாவர் எட்டும் பத்தும் உங்கள் கையிலேயே கொஞ்ச நேரம் இருக்கட்டும். உங்களுக்கு வேண்டிய சீட்டு இரண்டுமே கீழே விழுந்துவிட்டதென்றால் அந்த ஆசையை உடனே விட்டுவிடுங்கள். 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம், செகந்திராபாத்தில் ஒரு மன்றத்தின் மீது போட்ட வழக்கில், ரம்மி முழுக்க அதிர்ஷ்டத்தால் ஆன ஆட்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது. விழுந்த சீட்டை நினைவில் வைப்பதும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று முடிவு செய்வதும் திறமை என்றார்கள் நீதிபதிகள். மூணு சீட்டுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

இனி நாலாம் பாடம். 2024-ஆம் வருடத் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் அந்த 61 நாளில், பாம்பன் பக்கத்துப் பையன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். விசைப்படகில் கூலிக்குப் போகிறவன், இருபத்தைந்து வயதிருக்கும்.

“ஐயா, நீங்க ரம்மி நல்லா ஆடுவீங்களாமே. எனக்குச் சொல்லித் தாங்க.”

“பொழுதுபோக்கவா தம்பி?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஃபோனில் ஆடி ஒரு லட்சத்து நாற்பதாயிரம் போயிருந்தது. அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி அடகுக் கடையில். அம்மாவுக்குத் தெரியாது. கழுத்துக்குப் போடக் கேட்டால் பாலிஷுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறான். நன்றாக ஆடத் தெரிந்துகொண்டால் விட்டதைப் பிடித்துவிடலாம் என்பது அவன் கணக்கு.

புத்தி சொல்லி அனுப்பியிருந்தால் அவன் வேறொருவரிடம் போயிருப்பான். “நாலு நாள் சாயங்காலம் வா. காசு கிடையாது, புளியங்கொட்டை வைத்து ஆடுவோம்” என்றேன். என் ஜமாவில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டேன். ஒவ்வொரு கையையும் ஒரு நோட்டில் எழுதினேன். ஆயுள் முழுக்கப் பதிவேடு எழுதியவனுக்கு அது கஷ்டமில்லை.

நாலு நாளில் நாற்பது ஆட்டம். பையன் கெட்டிக்காரன். வழி எண்ணுவதை இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டான். விழுந்த சீட்டு என்னைவிட அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் நாற்பது ஆட்டத்தில் அவன் ஸ்கூட் சொன்னது இரண்டே முறை. ஃபுல் வாங்கியது ஒன்பது முறை.

ஐந்தாம் நாள் நோட்டை அவன் முன்னால் விரித்தேன். ஆடத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: முதல் சீட்டை எடுப்பதற்கு முன்னாலேயே கையைப் போட்டுவிட்டால் 20 புள்ளி. எடுத்து ஆடிவிட்டு நடுவில் போட்டால் 40. கடைசி வரை உட்கார்ந்து மாட்டினால் 80 வரை. 101 எட்டினவன் வெளியே. அப்படியானால் ஐந்து முறை ஸ்கூட் சொன்னவன் நூறில் நிற்பான், இன்னும் ஆட்டத்தில் இருப்பான். இரண்டு ஃபுல் வாங்கியவன் எழுந்து போயிருப்பான்.

அவன் வாங்கிய ஒன்பது ஃபுல்லில் ஏழு கைகள் பார்த்த மாத்திரத்தில் போட்டிருக்க வேண்டியவை. ஜோக்கர் இல்லை, ஒரிஜினலுக்கு வாசனையே இல்லை, அடுத்தடுத்த சீட்டு ஒரு ஜோடிகூட இல்லை. ஏழு எண்பது 560. ஏழு இருபது 140. நடுவில் உள்ள 420 புள்ளியும் அவனாகக் கொடுத்தது.

“ஏன் தம்பி விட மாட்டேங்கிற?”

“போட்ட காசு போயிருமேன்னு இருக்குங்கய்யா.”

“அது போட்டவுடனே போயிருச்சு. கடல்ல காத்து திரும்புது, வானம் சரியில்ல. டீசல் போட்ட காசு போச்சேன்னு அங்கேயே நிப்பியா?”

“கரைக்குத்தான் வருவோம். வலையை வாங்க நேரமில்லன்னா அறுத்து விட்டுட்டுக்கூட வந்திருக்கோம்.”

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கடலில் தெரிந்த விஷயம் ஃபோனில் அவனுக்குத் தெரியாமல் போனது எப்படி என்று அவனே யோசித்திருப்பான்.

“இனிமே சரியா ஸ்கூட் போட்டு ஆடினா ஜெயிச்சிரலாமாய்யா?” என்றான் பிறகு. நான் எதிர்பார்த்த கேள்விதான்.

இன்னொரு தாள் எடுத்தேன். ஒரு பேச்சுக்கு ஆறு பேர் ஆளுக்கு நூறு ரூபாய் வைக்கிறார்கள். மேசை நடத்துகிறவன் நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்கிறான். 600-ல் 60 போய், ஜெயித்தவனுக்கு 540. இப்படிப் பத்து ஆட்டம் முடிந்தால் மேசைக்காரன் பையில் 600. ஆறு பேரும் சமமாக ஆடத் தெரிந்தவர்கள் என்றால், சராசரியில் ஆளுக்கு நூறு ரூபாய் நஷ்டம். திண்ணையில் ஆடினால் தோற்றவன் பணம் ஜெயித்தவனிடம் இருக்கும், நாளைக்குத் திரும்பி வரும். மேசைக்காரனிடம் போனது திரும்பாது. அவன் சீட்டே எடுப்பதில்லை, அதனால் தோற்பதும் இல்லை.

1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டு இந்தக் கணக்கு வகையைத் தொடங்கி வைத்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். தெ மெரே என்பவர் பாஸ்கலிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று தாயக்கட்டை பற்றியது. ஒரு கட்டையை நாலு முறை உருட்டி ஒரு ஆறாவது விழும் என்று பந்தயம் கட்டினால், நூற்றுக்கு ஏறத்தாழ 52 முறை ஜெயம். இரண்டு கட்டையை 24 முறை உருட்டி இரண்டிலும் ஒரே வேளையில் ஆறு விழும் என்று கட்டினால் 49 முறைதான். கேட்க அற்ப வித்தியாசம். இரவெல்லாம் கட்டிக்கொண்டே இருந்தால் ஒன்று பையை நிரப்பும், மற்றது காலி செய்யும். மேசைக்காரன் பங்கும் அப்படித்தான், ஒரு ஆட்டத்தில் கண்ணுக்கே தெரியாது.

அந்த 1967 தீர்ப்பிலேயே இன்னொரு வரி உண்டு. மன்றமோ வீட்டுக்காரரோ ஆட்டத்தால் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். திறமை ஆட்டம் என்ற முதல் பாதியை மட்டும் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். நம் மாநில அரசு 2022-இல் கொண்டுவந்த சட்ட முன்வரைவு, 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்றுச் சட்டமானது. அதே வருடம் நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று சேர்த்தது செல்லாது என்றது. பிறகு இரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்று விதி வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே தள்ளி வைத்துவிட்டு, இணையத்தில் பணம் வைத்து ஆடுவதையே தடுத்துச் சட்டம் இயற்றியது. வழக்கறிஞர்கள் இதை இன்னும் பல வருடம் பேசுவார்கள்.

வள்ளுவர் இதற்காக 94-ஆம் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறார். அதன் முதல் குறளில் தோற்பதைப் பற்றி அவர் பேசவில்லை. ஜெயித்த பணத்தைத்தான் மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிடுகிறார். பையனிடம் இதைச் சொன்னபோது, “முதல் வாரம் எட்டாயிரம் ஜெயிச்சேன்யா” என்றான். அதற்கு மேல் நான் விளக்கவில்லை. தூண்டிலைப் பற்றி அவனுக்கு நான் என்ன சொல்லிக் கொடுக்க?

ஜூன் 15-ஆம் தேதி கடலுக்குப் போனான். போவதற்கு முன் அம்மாவிடம் சொல்லிவிடு என்றேன், சொல்லிவிட்டான். அந்த அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. மாதா மாதம் வட்டியும் கொஞ்சம் அசலும் கட்டி வருகிறான். ஃபோனில் இப்போது ஆடுவதில்லை என்கிறான். அவன் சொல்வதை நம்புகிறேன்.

புதிதாக ஆட வருகிற பேரன் பேத்திகளுக்கு நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியது இவ்வளவுதான். புளியங்கொட்டை வைத்து ஆடச் சொல்லுங்கள். ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு ஃபுல்லுக்கும் எதிரே ‘முதலிலேயே போட்டிருக்கலாமா?’ என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் தேறிவிடுவார்கள். எத்தனை மணிக்கு எழுந்திருப்பது என்பதை உட்காரும்போதே பேசி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் ஜமாவில் ஏழரை மணிச் செய்திக்குக் கட்டை மூடிவிடுவோம். அன்றைக்கு யார் எவ்வளவு கொட்டை பாக்கி என்பது மறுநாள் காலைக்குள் எல்லாருக்கும் மறந்துவிடும்.