நோயாளியின் இடத்திலிருந்து

சிகிச்சை நிலையமொன்றின் உள்ளமைப்பை வரையப் புகும் மாணவர், முதலில் நோயாளியின் இடத்தில் இருந்து பார்த்தல் வேண்டும்.

பின்லாந்தின் பைமியோவில் 1933 இல் திறக்கப்பட்ட காசநோய் வைத்தியசாலையை அமைத்த அல்வார் ஆல்ட்டோ இதனை நன்குணர்ந்தவர். படுத்திருப்பவர் நாள் முழுதும் காண்பது உட்கூரையையே என்பதால், அதற்குக் கண்ணை உறுத்தாத பச்சை வர்ணம் பூசுவித்தார். ஒருவர் கைகழுவும் ஓசை அறையிலுள்ள மற்றவரைத் துன்புறுத்தாதவாறு தொட்டியின் சரிவையும் வகுத்தார்.

எமதூர்ச் சிகிச்சை நிலையத்தில் மருந்தும் இருந்தது, வைத்தியரும் இருந்தார். ஆனால் தோளுயரப் பலகைத் தடுப்பொன்றே அவரது அறைக்குச் சுவர். என் தாயாரின் மார்பிலிருந்த கட்டியைப் பற்றி வைத்தியர் வினவியவை யாவும், வாங்கில் காத்திருந்த அயலவரின் செவிகளில் விழுந்தன. அடுத்த தவணைக்கு அம்மா செல்லவில்லை. ஆறு மாதங்கள் வீணாயின.

கட்டடக்கலை பயிலும் என் நண்பன் பயிற்சிக்காக வரைந்த சிகிச்சை நிலையத்திலும் அத்தகைய தடுப்பையே கண்டேன். காற்றோட்டத்துக்காக என அவன் கூறிய நியாயம் பொய்யன்று. ஆயினும், காற்றுக்கு வெளிச்சுவரில் சாளரம் வைக்கலாம். தன் நோயைத் தாழ்ந்த குரலில் சொல்வதற்கு நோயாளிக்கு வேறிடம் இல்லை.