பள்ளிக்கூடத்தில் ஓர் ஏரி

சென்னைப் பட்டணத்துக்கு மேற்கே குடியிருப்பவர்களுக்கு ஏரியின் பெருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அம்பத்தூர் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு கரை கண்ணில் படும். வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடுகிறது. தண்ணீரோ வருஷம் முழுவதும் வேண்டியிருக்கிறது. சென்னை மேயராயிருந்த ஸ்ரீ சத்தியமூர்த்தி பூண்டி நீர்த்தேக்கத்துக்காகப் பாடுபட்டது இதை உணர்ந்துதான். 1944-ல் அது கட்டி முடிந்தபோது அவர் உயிருடன் இல்லை. அவர் பெயர் மட்டும் அந்தத் தண்ணீரோடு நிலைத்திருக்கிறது. வந்ததைத் தேக்கி வை, கேட்டவர்களுக்குப் பங்கிட்டுக் கொடு என்பதே ஏரியின் சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தம் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும் என்பது நாற்பது வயது கடந்த பிறகே எனக்குத் தெரிய வந்தது.

நான் கலாசாலையில் படித்தது சரித்திரம். பள்ளிக்கூடத்தில் போதிப்பதும் அதுவே. ஆனால் ஆவடிப் பக்கத்தில் உள்ள எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் அறையின் சாவி எப்படியோ என் கைக்கு வந்து சேர்ந்தது. அங்கே இருபது பழைய யந்திரங்கள் இருக்கின்றன. புதிய விண்டோஸின் பாரத்தைத் தாங்க அவற்றுக்குச் சக்தி இல்லை. ஆகவே எல்லாவற்றிலும் லினக்ஸ் ஏற்றியிருக்கிறோம். 1991-ல் பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த லினக்ஸை யாரும் காசின்றி எடுத்துக் கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். நம் தேசத்திலும் சி-டாக் ஸ்தாபனம் ‘பாஸ்’ என்னும் லினக்ஸை வெளியிட்டிருக்கிறது.

யந்திரங்கள் இருபது என்றாலும் வெளியுலகத்துக்குள்ள இணைப்பு ஒன்றே ஒன்றுதான். வகுப்பு நேரமோ நாற்பது நிமிஷம். லினக்ஸுக்குப் புதுத் திருத்தங்கள் வரும் நாட்களில், இருபது யந்திரங்களும் ஒரே பொட்டலத்தை இருபது தடவை தனித்தனியே தருவித்துக் கொள்ளும். பிள்ளைகள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தெருக்குழாயில் நூலிழை போல் ஒழுகும் தண்ணீருக்கு இருபது குடங்கள் வரிசையில் நிற்கும் காட்சிதான் எனக்கு ஞாபகம் வரும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைக்கு அந்த நாற்பது நிமிஷந்தான் வாரத்துச் சொத்து.

இதற்குப் பரிகாரம் ‘கேஷிங் பிராக்ஸி’ என்று தெரிந்துகொண்டேன். கேஷ் என்றதும் ரொக்கம் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். இங்கே அதற்குச் சேமக்கிடங்கு என்று பொருள். பிராக்ஸி என்பது பதிலாள். பிள்ளைகளின் யந்திரம் வெளியே போய்க் கேட்பதற்குப் பதிலாக இந்தப் பதிலாளிடம் கேட்கிறது. அவன் போய் வாங்கி வந்து கொடுக்கிறான். கொடுப்பதற்கு முன் ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக் கொள்கிறான். அடுத்தவர் அதையே கேட்டால் தன் கிடங்கிலிருந்தே எடுத்து நீட்டுகிறான். வைத்திருப்பது பழசாகிவிட்டதோ என்ற சந்தேகம் வந்தால், மூல ஸ்தானத்தை, “இது மாறியிருக்கிறதா?” என்று மட்டும் விசாரிக்கிறான். ‘304’ என்ற பதில் வந்தால் மாறவில்லை என்று அர்த்தம். முழுப் பொட்டலத்தையும் மறுபடி சுமக்க வேண்டியதில்லை.

இந்த வேலையைச் செய்யும் மென்பொருள்களில் பெயர் பெற்றது ‘ஸ்க்விட்’. அமெரிக்காவில் நடந்த ஹார்வெஸ்ட் என்னும் ஆராய்ச்சியிலிருந்து கிளைத்து, டுவேன் வெஸல்ஸ் என்பவர் முயற்சியால் 1996-ல் வெளிவந்தது. ஸ்க்விட் என்றால் கணவாய் மீன். தமிழில் கணவாய் என்றால் மலைகளுக்கிடையே உள்ள வழியும் ஆகும். போவோர் வருவோர் எல்லோரும் கடக்க வேண்டிய இடம் என்பதால் பெயர் நம் பாஷையில்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது!

‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஸ்க்விட்’ என்று ஒரு வரி எழுதினால் அது வந்து இறங்கிவிடுகிறது. ஆனால் அதற்கு உத்தரவுகள் எழுதும் கோப்பு இருக்கிறதே, அது ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு புராணம். பயப்பட வேண்டாம். ‘#’ என்ற குறியோடு தொடங்கும் வரிகள் எல்லாம் வியாக்கியானமே. யந்திரம் அவற்றைப் படிப்பதில்லை. அவற்றைத் தள்ளிவிட்டால் மூல பாடம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். கதவு எண் 3128. நுழைவு விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் எது பொருந்துகிறதோ அதன்படி நடக்கும். கடைசி விதி ‘எல்லோரையும் மறு’ என்பது. ஆகையால், ‘நம் பள்ளி யந்திரங்களை அனுமதி’ என்ற வரி அதற்கு மேலே இருந்தாக வேண்டும். வட்டில் எவ்வளவு இடம் என்று சொல்லும் வரி வியாக்கியானக் குறியோடு உறங்கிக் கொண்டிருக்கும். குறியை நீக்கி அதை எழுப்ப வேண்டும். சாதாரணமாக 4 மெகாபைட்டுக்கு மேற்பட்டதை அது வட்டில் வைக்காது. திருத்தப் பொட்டலங்கள் அதைவிடப் பெரியவையாக இருக்கக்கூடும் என்பதால் அந்த அளவையும் உயர்த்த வேண்டும்.

இவ்வளவும் செய்து முடித்து, நாட்குறிப்புக் கோப்பைத் திரையில் ஓடவிட்டோம். முதல் யந்திரம் கேட்டபோது ‘மிஸ்’ என்று விழுந்தது. இரண்டாவது யந்திரம் கேட்டதும் ‘ஹிட்’ என்று விழுந்தது. பக்கத்தில் நின்ற பதினோராம் வகுப்பு மாணவி, “சார், இந்தத் தடவை நம்ம ஏரியிலிருந்தே வந்துடுச்சு!” என்று கூவினாள்.

ஆனால் ஏரி எல்லாத் தண்ணீரையும் தேக்கவில்லை. ஸ்க்விட் பிறந்த காலத்தில் பெரும்பாலான பக்கங்கள் தபால் கார்டு மாதிரி திறந்தபடியே வந்தன. இப்போது பெரும்பாலானவை ஒட்டி முத்திரையிட்ட உறைக்குள் வருகின்றன. உறை எங்கே போகிறது என்று பதிலாளுக்குத் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. தெரியாததைச் சேமிக்கவும் முடியாது. லினக்ஸ் திருத்தங்கள் மட்டும் இன்னும் பெரும்பாலும் திறந்தே வருகின்றன. சர்க்கார் கெஜட்டைப் போல யாரும் படிக்கலாம். உண்மையானதுதானா என்பதைக் கையொப்பத்தைக் கொண்டு யந்திரம் சோதித்துக்கொள்கிறது.

உறையைப் பிரிக்கவும் ஒரு வித்தை உண்டு. பள்ளியின் முத்திரையையே நம்பும்படி எல்லா யந்திரங்களையும் பழக்கிவிட்டு, நடுவழியில் பிரித்துப் படித்து, மறுபடி ஒட்டி அனுப்பலாம். எங்கள் தலைமையாசிரியர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்: “அப்படிச் செய்தால் எந்தப் பிள்ளை எதைப் பார்க்கிறது என்றும் தெரிந்துவிடுமல்லவா, சார்? பெற்றோர்கள் நம்மை நம்பித்தானே அனுப்புகிறார்கள்?”

கேள்வி நியாயமானது. ஆனால் நான் சரித்திரம் போதிக்கிறவன். சிறையிலிருந்த தேசபக்தர்களின் கடிதங்களை அதிகாரிகள் பிரித்துப் படித்த கதையைக் காலையில் வகுப்பில் சொல்லிவிட்டு, மாலையில் பிள்ளைகளின் உறைகளை நானே பிரிப்பது எப்படி? ஒரு பிள்ளை தன் உடம்பைப் பற்றிய பயத்தை, வீட்டில் கேட்க முடியாத ஒரு கேள்வியை அங்கே தட்டிப் பார்க்கக்கூடும். “ஐயா, ஏரிக்குக் காவல் போடலாம், தண்ணீர் மொள்ள வந்தவளின் குடத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம்” என்றேன். வகுப்பில் ஒருவர் கூடவே இருந்து மேற்பார்வை செய்வது, தகாத தலங்களை விலாசத்தைக் கொண்டே தடுப்பது, இவ்விரண்டும் போதும் என்று வாதாடினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சரி, நடத்திப் பார்ப்போம்” என்றார்.

அதோடு ஒரு காரியமும் செய்தோம். ஸ்க்விட்டின் நாட்குறிப்பில் கேட்ட யந்திரத்தின் எண் முழுவதும் பதிவாகும். ‘கிளையன்ட் நெட்மாஸ்க்’ என்ற வரியால் அந்த எண்ணின் கடைசிப் பகுதியைப் பூஜ்யமாக்கிவிடலாம். பள்ளிக்கூடம் எவ்வளவு செலவழித்தது என்பது தெரியும். எந்த நாற்காலி என்பது தெரியாது. உறைக்குள் வருவதைச் சேமிக்க முடியாத குறைக்குக் ‘கிவிக்ஸ்’ என்ற இலவச மென்பொருள் கைகொடுத்தது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிபீடியாவின் பிரதியை அதன் மூலம் எங்கள் யந்திரத்திலேயே வைத்துவிட்டோம். இணைப்பு அறுந்த நாளிலும் பிள்ளைகள் அதைப் புரட்டுகிறார்கள்.

பதிலாள் என்ற சொல்லை நான் இப்போது கொஞ்சம் மரியாதையுடனேயே உச்சரிக்கிறேன். பிறர் பொருளை வாங்கி வந்து கொடுக்கிறவனுக்குச் சாமர்த்தியம் வேண்டும். அதைவிடக் கையடக்கம் வேண்டும். பார்க்க முடியும் என்பதாலேயே பார்த்துவிடாமல் இருப்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் அத்தியாயமாக இல்லை. பெரியவர்கள் நடந்து காட்டினால்தான் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொள்ள முடியும். நாளைக்கு இந்தப் பிள்ளைகளில் சிலர் அம்பத்தூரிலோ அமெரிக்காவிலோ இதைவிடப் பெரிய கணவாய்களுக்குக் காவலிருப்பார்கள். கோடிக்கணக்கானவர்களின் உறைகள் அவர்கள் கை வழியே போகும். அப்போது இந்த அறையின் பழக்கம் ஞாபகம் வந்தால் போதும்.