பியானோவினுள்ளே தோல்

வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் வழியே வேலூருக்குச் செல்வோர், தோல் பதனிடும் ஆலைகளின் வாடைக்கு மூக்கைப் பொத்துவதைக் கண்டிருக்கிறோம். அவ்வேளைகளில் நமக்குப் பியானோ நினைவுக்கு வரும், விந்தைதான்!

சென்னையின் லிடியன் நாதஸ்வரம் தாளக் கருவிகளில் தொடங்கி, ஏ.ஆர். ரகுமானின் இசைப்பள்ளியில் பியானோ பயின்றவர். 2019-இல், 13 வயதில், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் ரிம்ஸ்கி-கோர்சகோவின் வண்டு பறக்கும் இசையை நிமிடத்திற்கு 325 தட்டு வேகத்தில் வாசித்தார். 10 இலட்சம் டாலர் பரிசும் வென்றார். அத்துணை விரைவிலும், கம்பியை அடித்து மீளும் சுத்தியலைத் துள்ளாது பிடித்து நிறுத்துவது தோல் போர்த்திய சிறு தாங்கியே. பீத்தோவன் காலத்திலோ சுத்தியலுக்கே தோல்தான் உறை.

அத்தோல் ஆம்பூரினது என்று கூறவில்லை. பாலாறு கெட்டதும் மெய். உச்ச நீதிமன்றம் 1996-இல் கண்டித்தது. அக்குற்றம் கூலியாளுடையதன்று. சுண்ணாம்பு நீரில் கை வெந்து தோலை மென்மையாக்குவோர் நம் பங்குகளிலும் உண்டு. திருப்பலியில் அவர்கள் அருகே அமரத் தயங்குவோரும் உண்டு.