தக்காளி வண்டிக்கு ஒரு படுதா

என்னோடு வேலை பார்க்கும் ஓமானி நண்பர் புதிதாக ஹைலக்ஸ் பிக்கப் வாங்கியிருக்கிறார். மூன்று வாரமாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரே பேச்சுதான். பின்பக்கத் தொட்டிக்கு எந்த மூடி போடுவது? பாய் மாதிரி சுருட்டுகிறதா, மூன்றாக மடிக்கிறதா, ஓரத்தில் பட்டன் வைத்து அழுத்துகிறதா? எல்லாமே ரெக்சின் மாதிரியான வினைல் துணிதான். தகடு மூடி வேண்டாமாம், விலையும் அதிகம், கழற்ற இரண்டு ஆள் வேண்டும். அந்த வண்டியில் ஏறப்போவது வாரக் கடைசியில் கடற்கரைக்குப் போகும் கூடாரமும் ஐஸ் பெட்டியும். அதற்கு மூன்று வாரம்!

சிரிப்பு வந்தது. ஆனால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை. இதே விஷயத்தில் நான் மூன்று நிமிஷத்தில் போனில் ஒரு யோசனை சொல்லி, தம்பிக்கு எழுபதாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக நஷ்டம் பண்ணி வைத்தவன்.

எங்க ஊர் கோலார் தங்கவயல். (ஆமாம், அதே கே.ஜி.எஃப்.தான். 2018-ல் படம் வந்ததிலிருந்து மஸ்கட்டில் யாராவது ராக்கி பாயைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். எங்க லைனில் அப்படி யாரும் இல்லை :-)) அப்பாவுக்கு சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை. 2001 பிப்ரவரி 28-ம் தேதி மைன்ஸை மூடினார்கள். நான் அதற்குள் பி.காம். முடித்து வெளியே வந்துவிட்டேன். தம்பிதான் மாட்டிக்கொண்டான். ஊரில் பாதிப் பேர் மாதிரி அவனும் விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், ராத்திரி வீடு திரும்பி, பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓட்டினான். போகவர இருநூறு கிலோமீட்டர். பிள்ளைகளைத் தூங்கும்போது மட்டும் பார்க்கிற அப்பா.

2022-ல் அந்த வேலையை விட்டுவிட்டு செகண்ட் ஹேண்டில் ஒரு பொலேரோ பிக்கப் எடுத்தான். மார்ஜின் பணம் நான் கொடுத்தேன், மீதி கடன். கோலார் மார்க்கெட்டில் தக்காளி ஏற்றி கோயம்பேட்டில் இறக்குவது. கோலார் ஏ.பி.எம்.சி. நாட்டின் பெரிய தக்காளி மண்டிகளில் ஒன்று. பதினைந்து கிலோ பிடிக்கிற பிளாஸ்டிக் பெட்டிதான் அங்கே கணக்கு. தம்பி வண்டிக்கு நூறு பெட்டி.

'ணா, படுதா ஒண்ணு வாங்கணும், கித்தானா, பிளாஸ்டிக்கா?' என்று அப்போது போனில் கேட்டான். ஆபீசில் வருஷக் கடைசி வேலை தலைக்கு மேல். விலை என்ன என்றேன். கித்தான் நாலைந்து மடங்கு என்றான். நான் பேங்க்காரன் இல்லையா, 'மழைக்குத்தானேடா, பிளாஸ்டிக்கே எடு. மிச்சப் பணத்தில் ஒரு தவணை கட்டலாம்' என்றேன். முடிந்தது ஆலோசனை.

2023 ஜூலை ஞாபகம் இருக்கிறதா? தக்காளி விலை எங்கேயோ போன மாதம். கோலாரில் பெட்டி இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டியது. பெங்களூர் பக்கம் தக்காளி ஏற்றிய வண்டியையே கடத்திக்கொண்டு போனார்கள், பேப்பரில் வந்தது. அந்த நேரத்தில் தம்பி வெறும் வாடகைக்கு ஓட்டாமல், மனைவியின் நகையை அடகு வைத்து, தானே நூறு பெட்டி ஏலத்தில் எடுத்திருக்கிறான். எனக்கு அது தெரியாது. 'திருட்டு பயமா இருக்கு' என்று மட்டும் சொன்னான். 'வெளியே எதுவும் தெரியாதபடி நல்லா இறுக்கி மூடிக் கட்டு' என்றேன். இரண்டாவது யோசனை!

மதியம் ஏற்றி, நீலப் பிளாஸ்டிக்கால் மேலிருந்து கீழே வரை சுற்றிக் கயிறு போட்டு, மார்க்கெட்டிலேயே சாயங்காலம் வரை நின்றிருக்கிறது வண்டி. தக்காளி பறித்த பிறகும் உயிரோடுதான் இருக்கும். மூச்சு விடும், சூடு விடும், ஈரம் விடும். பழுக்க வைக்கிற எத்திலீன் வாயுவையும் விடும். வெயிலில் பிளாஸ்டிக்குக்குள் இதெல்லாம் அடைந்துகிடந்தால் என்ன ஆகும்? கோயம்பேட்டில் அவிழ்த்தபோது உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்ததாம். மேல் இரண்டு அடுக்கு வெந்த மாதிரி. முப்பத்தெட்டுப் பெட்டியை வியாபாரி தொடவே இல்லை.

வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. சரக்குக்கு இல்லை. வண்டி பாலிசி வண்டிக்கு மட்டும்தான், ஏற்றின பொருளுக்குத் தனியாக எடுக்கணும். தினம் கடன் பேப்பரில் கையெழுத்து போடுகிற நான், என் தம்பிக்கு இதைக்கூடச் சொல்லவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பத்து மாதம் கழித்து, 2024 மே மாத லீவில். தம்பி சொல்லவில்லை. அவன் மனைவிதான், சோறு போடும்போது, 'மாமா, அந்த நகைய மீட்க முடியல' என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். 'அண்ணன் சொன்னாரேன்னுதான் இறுக்கிக் கட்டினேன்னு சொன்னாரு' என்றாள். குற்றம் சொல்கிற குரலே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை.

அந்த வருஷம் மழை ஆரம்பிக்குமுன் புதுப் படுதா வாங்குவது என்று இருவரும் கிளம்பினோம். ராபர்ட்சன்பேட்டையில் முதல் கடை. மறுபடியும் பிளாஸ்டிக்தான் காட்டினார்கள், 'கெட்டி ரகம், 250 ஜி.எஸ்.எம்.' என்று. ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பது, அவ்வளவுதான். ஸ்டாக் இன்ஸ்பெக்‌ஷன் பழக்கம் விடுமா? தராசில் வைக்கச் சொன்னேன். பதினைந்துக்குப் பதினெட்டு அடி என்றால் 25 சதுர மீட்டர். 250 கிராம் ரகமென்றால் ஆறேகால் கிலோ இருக்கணும். தராசு காட்டியது நாலு கிலோ அறுநூறு. அதாவது சுமார் 183. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தம்பி வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான். ரொம்ப நாள் கழித்து அவன் என்னைப் பார்த்துச் சிரித்தது. நீங்களும் வாங்கும்போது எடை போட்டுப் பாருங்கள், மூட்டை பிரிக்காமல் லேபிளை மட்டும் நம்பாதீர்கள்.

அளவிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஓமானி நண்பரின் மூடி தொட்டிக்கு மேல் மட்டமாகப் படுத்துக்கிடக்கும். எங்கள் ஊர் வண்டியில் சுமையே தொட்டிக்கு மேலேதான் பாதி இருக்கும். தொட்டி ஒன்பதடி நீளம், ஐந்தரை அடி அகலம். அந்த அளவுக்கு வாங்கினால் கைக்குட்டை போட்ட மாதிரி இருக்கும். பெட்டி ஐந்து அடுக்கு, கிட்டத்தட்ட ஐந்தடி உயரம். இரண்டு பக்கமும் இறங்க வேண்டும். அதனால்தான் பதினைந்துக்குப் பதினெட்டு. ரொம்பப் பெரிதாக எடுத்தாலும் தொல்லை. பின்னால் தொங்கி நம்பர் பிளேட்டையும் சிவப்பு லைட்டையும் மறைத்தால் செக்போஸ்ட்டில் தண்டம் அழணும்.

இரண்டாவதாக ஆட்டோவுக்கு ஹூட் தைக்கிற பாய் கடைக்குப் போனோம். அங்கே பி.வி.சி. பூசின துணி இருந்தது. எனக்குப் பிடித்துப்போயிற்று. துடைத்தால் சுத்தம், ஒரு சொட்டு இறங்காது, கித்தானைவிட விலையும் குறைவு. வருஷத்துக்கு இவ்வளவு, டிரிப்புக்கு இவ்வளவு என்று மனசுக்குள் தேய்மானம் போட்டுவிட்டேன். தம்பி மெழுகு ஏற்றின காட்டன் கித்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான். பன்னிரண்டு கிலோவுக்கு மேல் கனம், நனைந்தால் இன்னும் கூடும், காயவைக்காமல் மடித்தால் பூஞ்சை பிடிக்கும், மெழுகு போனால் மறுபடி ஏற்றணும். இத்தனை குறையையும் பாய் அவரே சொன்னார். 'ஆனா காத்து வரும்' என்றார்.

'மூடாமலே ஓட்டினால் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். மழை இல்லாத நாளிலும் முடியாது. ராத்திரி வண்டி எங்க லைன் முன்னாடிதான் நிற்கும். பக்கத்திலேயே சயனைடு மேடு. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டின மண், நூறு வருஷத்துக்கு மேல் சேர்ந்து மலை மாதிரி கிடக்கிறது. ஆடிக்காற்று அடித்தால் அந்தப் பொடி வீட்டுக்குள் தட்டில் வந்து விழும். அதைத் தக்காளி மேல் படிய விடுவதா?

வாங்காமலே வீட்டுக்கு வந்தோம். வாசலில் அப்பா. எழுபத்தைந்தை நெருங்குகிற வயசு, பேசினால் இருமல். இரண்டு பேர் சொன்னதையும் கேட்டார். துணியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'காத்து எங்க உள்ள வருது, எங்க வெளிய போவுது?' என்றார்.

எங்களுக்கு முதலில் புரியவில்லை. அவர் வேலை பார்த்த சாம்பியன் ரீஃப் மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஆழம். அந்த ஆழத்தில் பாறையே அறுபது டிகிரிக்கு மேல் சுடும். காற்றைக் குளிரவைத்து மேலேயிருந்து அனுப்பினாலும், போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேராது. நடுவில் கித்தான் திரை கட்டி ஒரு பக்கமாகத் தள்ளி, மறுபக்கமாக வெளியேற்ற வேண்டும். அந்தத் திரை கட்டுகிற வேலையும் அவர் செய்திருக்கிறார். 'உள்ள வர்ற வழி மட்டும் இருந்தா காத்து வராதுடா. வெளிய போற வழி இருந்தாத்தான் வரும். துணி பெட்டி மேல ஒட்டவே கூடாது' என்றார். அப்புறம் ஒரு தீக்குச்சியை உடைத்து உடைத்துத் தரையில் வைத்து வண்டி வரைந்தார். இருமல் வந்து நின்றது, மறுபடி வரைந்தார். மைன்ஸ் வேலையைப் பற்றி அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லையே.

அப்பா சொன்னபடி, வில் மாதிரி வளைத்த மூன்று கம்பி அடித்தோம். மேல் அடுக்குக்கும் படுதாவுக்கும் நடுவில் அரை அடி. கேபினுக்குப் பின்னால் பக்கவாட்டில் காற்று நுழைய இடம். பின்பக்கம் மழை பெய்யும்போது மட்டும் இறக்கிவிடுகிற மடிப்பு, மற்ற நேரத்தில் அங்கே பச்சை வலை. பக்கங்களில் கீழ் இரண்டு அடுக்குத் தெரிகிற மாதிரி விட்டு நிறுத்தினோம்.

துணி? இந்தக் கம்பி அமைப்புக்கு பி.வி.சி.யே போதும் என்றுதான் இன்றைக்கும் என் கணக்கு சொல்கிறது. தம்பி கித்தான் என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. பணத்தை மட்டும் எடுத்து நீட்டினேன். 'வேணாம்ணா, இது நான் வாங்கிக்கிறேன்' என்றான். நகையை மீட்கக் கொடுத்ததைத்தான் வாங்கிக்கொண்டான், அதுவும் அவன் மனைவி கையில் கொடுத்ததால்.

மஸ்கட் திரும்பிய மறுவாரம், இங்கே நேரம் ராத்திரி இரண்டரை, அங்கே நாலு. போன் அடித்தது. பதறி எடுத்தேன். 'ணா, வழியெல்லாம் மழை. ரெண்டு பெட்டிதான் கழிச்சாங்க. அதுவும் ஓரத்துல நசுங்கினது' என்றான். பின்னால் கோயம்பேட்டுச் சத்தம். 'படுதா நனைஞ்சு இன்னா கனம் தெரியுமா, தூக்க ரெண்டு ஆளு வேண்டியிருக்குது' என்று அலுத்துக்கொண்டான். சந்தோஷமான அலுப்பு.

அந்தக் கித்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு தடவை மெழுகு ஏற்றியாகிவிட்டது, இரண்டு இடத்தில் ஒட்டு. ஒவ்வொரு மழை டிரிப்புக்கும் அப்புறம் லைன் வீட்டுக் கூரை மேல் விரித்துக் காயப்போடுகிறார்களாம். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தப் பக்கம் காயவில்லை என்று சொல்லித் திருப்பிப் போடச் சொல்கிறாராம். பழைய நீலப் பிளாஸ்டிக் ஆட்டுக் கொட்டகைக்கு மேலே போய்விட்டது.