தொழில்: இல்லை

“சோஷியாலஜியா? அதப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?” என்று கேட்டார் பெரியப்பா. பக்கத்து வீட்டு அத்தைக்கு அது சோசியல் சர்வீஸ். தெருமுனைக் கடைக்காரர் காதில் ஜோசியம் என்றே விழுந்துவிட்டது. (சிரிக்காதீர்கள், நிஜமாகவே கையை நீட்டினார்!)

தென்காசிப் பக்கத்துப் பெண் அவள். பி.காம். இடம் கிடைக்காமல் பி.ஏ. சமூகவியலில் சேர்ந்தவள். இந்தப் பாடத்துக்கு வருகிற பாதிப் பேரின் கதை இதுதானே. முதல் இரண்டு வருடம் கோம்த், துர்கைம், வெபர் என்று மனப்பாடத்திலேயே போயிற்று. துர்கைம் தற்கொலையைப் பற்றி 1897ல் புத்தகம் எழுதினார் என்பது அவளுக்குப் பத்து மார்க், அவ்வளவுதான்.

மூன்றாம் வருடம் புராஜெக்ட். அலைச்சல் மிச்சம் என்று சொந்தத் தெருவையே எடுத்துக்கொண்டாள். முப்பது வீடு. பெயர், வயது, படிப்பு, தொழில், வருமானம். சொல்வதை அப்படியே எழுத வேண்டும், சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்பது பேராசிரியரின் கண்டிப்பு.

“தொழிலா? நான் எங்கட்டி வேலைக்குப் போறேன், வீட்லதான சும்மா கெடக்கேன்.”

இதைச் சொன்ன பெண்ணின் மடியில் சுளகு. சுளகு நிறைய வெட்டிய இலை. தூளை வைத்து, சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி, பேச்சு முடிவதற்குள் ஒரு பீடி தயார். அடுத்த வீட்டிலும் அதே பதில், அதே சுளகு. சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் இருபத்திரண்டு பெண்களுக்குத் ‘தொழில்: இல்லை’. பீடித் தொழிலாளர் சட்டம் 1966லேயே வந்தது. வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களையும் அது தொழிலாளி என்றுதான் சொன்னது. சம்பந்தப்பட்டவர்களிடம் யாரும் சொல்லவில்லை போல!

ஆன் ஓக்லி லண்டன் இல்லத்தரசிகள் 40 பேரிடம் பேசி, வீட்டுவேலையை ஒரு வேலையாகவே வைத்து ஆராய்ந்து 1974ல் புத்தகம் போட்டார். அதையும் அவள் பரீட்சைக்குப் படித்திருந்தாள். கல்லூரி விண்ணப்பத்தில் அம்மாவின் தொழில் என்ற இடத்தில் ‘ஹவுஸ் வைஃப்’ என்று எழுதியதும் அவள்தான். அந்த விண்ணப்பத்தோடு கட்டிய ஃபீஸ் பீடிக்கடையிலிருந்து வந்த காசு.

“சொன்னதை எழுதவா, பார்த்ததை எழுதவா?” என்று பேராசிரியரிடம் போய் நின்றாள். “ரெண்டையும் எழுது. ஆனா உன் கேள்வி சரியான்னும் பாரு” என்றார்.

மறுநாள் தொழிலைக் கேட்கவில்லை. “ஒரு நாளைக்கு எத்தனை சுத்துவீங்க?” என்று மட்டும் கேட்டாள். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி! ஆயிரத்துக்கு என்ன கூலி, இலை காய்ந்திருந்தால் எவ்வளவு குறையும், கடையில் எத்தனையைக் கழித்துத் தள்ளுவார்கள், கழுத்துவலி எந்த வயதில் ஆரம்பித்தது... எல்லாம் விரல்நுனியில் இருந்தது. நோட்டில்தான் இடம் போதவில்லை.

கடைசியாக அவள் வீடு.

“ஏட்டி, எங்கிட்டயேவா கேள்வி கேக்க?” அம்மா சிரித்தாள். சுளகிலிருந்து கண்ணை எடுக்காமலேயே யோசித்துச் சொன்னாள். “எழுநூறுன்னு போடு. அதுல எரநூறு நீ ராத்திரி சுத்தினது. அதையும் எழுதிக்கோ.”

அந்தப் படிவத்தில் அவள் பெயருக்கு நேரே தொழில் ‘மாணவி’ என்று காலையிலேயே எழுதியாகிவிட்டது.